பதிவேட்டில் இடம்பெறாத காயம்
இரண்டாம் உலகப் போர்க்காலத்து இலண்டன் குடிமக்களின் உளநிலை பற்றிய ஒரு நோக்கு

போர்களின் வரலாறு நெடுங்காலமாக மன்னர்களதும் தளபதிகளதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மாண்ட வீரரின் தொகையும், கைமாறிய நிலப்பரப்பும், கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கைகளும் அவ்வரலாற்றில் இடம்பெறும். ஆயுதம் ஏந்தாத குடிமக்கள் அதில் தோன்றுவராயின் ஒரு தொகையாகவே தோன்றுவர். இத்தனை பேர் இறந்தனர், இத்தனை பேர் அகதிகளாயினர் என்பதற்கு அப்பால் அவர்களைப் பற்றிய பேச்சு இல்லை. இருபதாம் நூற்றாண்டில் ஆகாயவிமானம் போர்க்கருவியாகியபோது இந்நிலை மாற வேண்டியதாயிற்று. போர்முனை எது, வீட்டு முற்றம் எது என்ற வேறுபாடு அழிந்தமையால், குடிமக்களின் மனம் எவ்வளவைத் தாங்கும் என்பது அரசாங்கங்கள் முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்க்கும் ஒரு பொருளாகியது. அக்கணக்குப் பிழைத்த விதமும், அது பிழைத்ததிலிருந்து பிறந்த மற்றொரு பிழையுமே இக்கட்டுரையின் பொருளாகும்.

போரினாற் சிதைந்த நகரங்கள் பலவிருக்க இலண்டனைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. குண்டு விழுவதற்கு முன்னரே மக்களின் மனம் எவ்வாறு சிதையும் என்ற எதிர்வுகூறல் எழுத்திற் பதிவாகி, பின்னர் நடந்தவற்றோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அந்நகரின் வரலாற்றில் நமக்குக் கிடைக்கின்றது. அன்றியும், பதுங்குகுழிகளையும் இடப்பெயர்வுகளையும் அறிந்த ஈழத்து வாசகருக்கு அது முற்றிலும் அந்நியமான கதையாகவும் இராது.

முதலாம் உலகப் போரின்போது ஜேர்மன் ஆகாயக் கப்பல்களும் விமானங்களும் பிரித்தானியா மீது நடத்திய தாக்குதல்களில் ஏறத்தாழ 1,400 பேர் இறந்தனர். 1917 ஜூன் 13 ஆம் நாள் கிழக்கு இலண்டனின் பொப்லர் பகுதிப் பாடசாலை ஒன்றின்மீது விழுந்த குண்டு 18 பிள்ளைகளைப் பலிகொண்டது. மாண்டோர் தொகை அப்போரின் பேரழிவோடு ஒப்பிடுமிடத்துச் சிறிதேயாயினும், வானத்திலிருந்து வந்த இம்மரணம் ஆட்சியாளர் மனத்திற் பெரும் அச்சத்தை விதைத்தது. குண்டுவீச்சு விமானத்தை முற்றாகத் தடுத்து நிறுத்த எவராலும் இயலாது என்ற கருத்துப்பட 1932 நவம்பரில் ஸ்ரான்லி போல்ட்வின் பொதுமக்கள் சபையிற் பேசினார். 1937 இல் வகுக்கப்பட்ட ஒரு மதிப்பீட்டின்படி, போர் தொடங்கின் 60 நாட் குண்டுவீச்சில் 6 இலட்சம் பேர் இறப்பர். அதன் இருமடங்கினர் காயமடைவர். இதனை நம்பியே சுகாதார அமைச்சு 1939 ஏப்பிரலிற் பத்து இலட்சம் அடக்கப் படிவங்களை உள்ளூராட்சி மன்றங்களுக்கு அனுப்பியிருந்தது.

உடலின் கணக்கு இவ்வாறாக, உள்ளத்தின் கணக்கு இதனினும் பெரிதாயிருந்தது. இலண்டனின் புகழ்பெற்ற உளமருத்துவர்கள் சிலர் 1938 இல் அமைச்சுக்கு ஓர் அறிக்கை சமர்ப்பித்தனர். உடற்காயம் அடையும் ஒருவருக்கு மூவர் என்ற விகிதத்தில் மக்கள் மனங்கலங்குவர் என்றும், முதல் ஆறு மாதங்களில் 30 முதல் 40 இலட்சம் பேர் பீதியாலும் நரம்புத் தளர்ச்சியாலும் பீடிக்கப்படுவர் என்றும் அவ்வறிக்கை கூறியது. நகரைச் சுற்றிச் சிறப்பு மருத்துவமனைகள் ஒழுங்கு செய்யப்பட்டன. இவ்வறிக்கையின் அடியில் ஒரு வர்க்க எண்ணமும் கிடந்தது என்பதை மறைப்பதற்கில்லை. துறைமுகத்தை அண்டிய கிழக்கு இலண்டனின் ஏழைத் தொழிலாளர் முதற் குண்டோடு நிலைகுலைந்து ஓடுவர் என மேற்றட்டினர் எண்ணினர். ஏழைக்கு வீரமும் விவேகமும் குறைவு என்ற இந்நினைப்பு எந்நாட்டு மேட்டுக்குடிக்கும் பொதுவானதே போலும்.

குண்டுகள் வந்தன. 1940 செப்டெம்பர் 7 ஆம் நாள் தொடங்கி 57 இரவுகள் இடைவிடாது இலண்டன் தாக்கப்பட்டது. 1941 மே மாதம் வரை நீடித்த அத்தாக்குதல்களில் நாடு முழுவதும் ஏறத்தாழ 43,000 குடிமக்கள் மாண்டனர். அவர்களில் அரைவாசிக்குச் சற்றுக் குறைவானோர் இலண்டன் வாசிகள். ஆயினும் எதிர்பார்க்கப்பட்ட உளநோயாளர் வந்தாரல்லர். சிறப்பு மருத்துவமனைக் கட்டில்கள் குடிமக்களின்றி வெறுமையாய்க் கிடந்தன. தற்கொலை விகிதம் போர்க்காலத்தில் உயராதது மட்டுமன்று, வீழ்ச்சியும் கண்டது. மக்கள் சுரங்க இரயில் நிலையங்களில் இரவைக் கழித்துவிட்டுக் காலையில் வேலைக்குச் சென்றனர்.

இந்நிகழ்ச்சியிலிருந்தே இரண்டாவது பிழை பிறந்தது. எதிர்வுகூறல் பொய்த்தது, ஆகவே காயமே ஏற்படவில்லை என முடிவு கட்டப்பட்டது. அசைக்க முடியாத உறுதியும் நகைச்சுவை உணர்வும் படைத்த இலண்டன்வாசி என்ற படிமம் போர்க்காலப் பிரசாரத்தால் உருவாக்கப்பட்டுப் பின்னர் வரலாறாகவும் நிலைபெற்றது. அப்படிமம் முழுப் பொய்யன்று. எனினும் அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது எது என்று கேட்டல் வரலாற்று மாணவரின் கடன். மருத்துவமனைப் பதிவேட்டிற் பெயர் இல்லை என்பதே அச்சான்று. பதிவேடு எதைப் பதியும்? தேடி வந்தவரைப் பதியும். அயலவர் வீடு தரைமட்டமாகிக் கிடக்கையில், தன் கை நடுங்குகிறது, உறக்கம் வரவில்லை என்று முறையிட மருத்துவரிடம் செல்பவர் எத்தனை பேர்?

உள்ளம் சொல்லாததை உடல் சொன்னதற்குச் சான்று உண்டு. குண்டுவீச்சு உச்சத்தில் இருந்த மாதங்களில், வயிற்றுப்புண் துளைபட்டு இலண்டன் மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டோர் தொகை திடீரென உயர்ந்தமையை அக்கால மருத்துவர்கள் அவதானித்து எழுதியுள்ளனர். இவர்கள் பதிவேட்டில் வயிற்றுநோயாளராகவே இடம்பெற்றனர். உளநோய்க் கணக்கில் அவர்கள் சேரவில்லை.

இனி, காயம் உண்மையில் எங்கே விழுந்தது என்பதை நோக்குவோம். அதற்குக் குண்டு விழுந்த இடங்களை விட்டு, குண்டு விழாத நாட்டுப்புறங்களுக்குச் செல்ல வேண்டும். 1939 செப்டெம்பர் 1 ஆம் நாள், போர்ப் பிரகடனத்துக்கு இரண்டு நாள் முன்னர், நகரங்களிலிருந்து பிள்ளைகளை வெளியேற்றும் அரசாங்கத் திட்டம் தொடங்கியது. மூன்று நாட்களில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டனர். அவர்களில் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தாய் தந்தையரின்றித் தனியே அனுப்பப்பட்ட பாடசாலைப் பிள்ளைகள். கழுத்தில் நச்சுவாயு முகமூடிப் பெட்டி. சட்டையிற் பெயர் எழுதிய அட்டை. கிராம மண்டபங்களில் வரிசையாக நிறுத்தப்பட்ட அவர்களை ஊரவர் வந்து பார்த்துத் தமக்குப் பிடித்தவரைத் தெரிந்து அழைத்துச் சென்றனர். துப்புரவான உடையணிந்த சிறுமியர் முதலிற் போயினர். தம்பியைப் பிரிய மறுத்த அக்காமாரும், அழுக்கு உடையணிந்த பையன்களும் இருட்டும் வரை காத்திருந்தனர். உடல்களைக் காப்பதற்கென வகுக்கப்பட்ட இத்திட்டம் போக்குவரத்து ஒழுங்கு என்ற அளவில் வியக்கத்தக்க வெற்றி பெற்றது. புகைவண்டிகள் நேரந்தவறாது ஓடின.

பிள்ளைகள் இரவிற் படுக்கையை நனைக்கின்றனர் என்ற முறைப்பாடு சில வாரங்களுள் நாடெங்கும் எழுந்தது. நகரத்து ஏழைகள் பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்கள் என்று நாட்டுப்புற வீட்டுத் தலைவிகள் பத்திரிகைகளுக்கு எழுதினர். பாயை நனைக்கும் பிள்ளை எதனால் அவ்வாறு செய்கிறது என்பதை அறிய நம்மூர்க் கிழவி ஒருத்திக்குப் பட்டம் தேவைப்பட்டிராது. ஆயினும் இலண்டனில் அதனை மூன்று மருத்துவர்கள் எழுத வேண்டியிருந்தது. ஜோன் போல்பி, இமானுவேல் மில்லர், டொனால்ட் வின்னிகொற் ஆகியோர் 1939 டிசெம்பரிற் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகைக்கு அனுப்பிய கடிதத்தில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்தனுப்புவது பாரதூரமான உளப் பாதிப்புகளை விளைவிக்கும் என எச்சரித்தனர். தாய்மாரோ கடிதத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1940 ஜனவரிக்குள் வெளியேற்றப்பட்டோரிற் பாதிக்கு மேற்பட்டோர் நகருக்குத் திரும்பிவிட்டனர். சாவதானால் எல்லோரும் ஒன்றாய்ச் சாவோம் என்ற முடிவை அறியாமை என்று அதிகாரிகள் கருதினர்.

அது முற்றிலும் அறியாமையன்று என்பதை நிறுவியவர் அன்னா பிராய்ட். உளப்பகுப்பியலின் தந்தை சிக்மண்ட் பிராய்டின் இளைய மகளாகிய இவர், 1938 இல் வியன்னாவிலிருந்து தந்தையோடு தப்பி இலண்டன் வந்தவர். வர இயலாது பின்தங்கிய அவருடைய நான்கு அத்தைமாரும் நாசி முகாம்களில் மாண்டனர். தாமே அகதியான அவர், தோழி டொரதி பேர்லிங்ஹாமுடன் இணைந்து, அமெரிக்க நன்கொடையின் துணைகொண்டு வட இலண்டனின் ஹம்ஸ்ரெட் பகுதியிற் போர்க்காலக் குழந்தை இல்லங்களை நடத்தினார். அங்கு பணிபுரிந்தோரிலும் பலர் அகதிகளே. தாய்மார் எந்நேரமும் வந்து பிள்ளையைப் பார்க்கலாம் என்பது அவ்வில்லங்களின் விதி. ஒவ்வொரு பணியாளரும் நாடோறும் கண்டவற்றைச் சிறு தாள்களில் எழுதி வைத்தனர். அவற்றிலிருந்து உருவான இரு நூல்கள் 1943 இலும் 1944 இலும் வெளிவந்தன.

அந்நூல்களின் முடிபு அன்றைய எண்ணங்களைத் தலைகீழாக்கியது. தாயின் மடியில் இருந்தபடி குண்டுவீச்சைக் கண்ட குழந்தை, தாய் கலங்காதவிடத்துப் பெரிதும் கலங்குவதில்லை. இடிந்த வீட்டிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளும், தாய் உடனிருந்தாராயின், சில நாட்களில் விளையாடத் தொடங்கினர். பாதுகாப்பான இடத்தில் தாயின்றி இருந்த பிள்ளையோ ஒடுங்கிப்போயிற்று. அந்நூலில் விரிவாகக் கூறப்படும் ஒரு சிறுவனின் செய்தியை வாசித்தவர் மறப்பதரிது. மூன்று வயதைச் சற்றே கடந்த அவனை இல்லத்தில் விட்டபோது, அழுதால் உன்னைப் பார்க்க வரமாட்டோம் என்று வீட்டார் கூறிச் சென்றனர். அவன் அழவில்லை. அதற்குப் பதிலாக, அம்மா வந்து எனக்கு மேலங்கியைப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கூட்டிச் செல்வாள் என்று காண்போரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். நாள் செல்லச் செல்ல மற்ற உடைகளும் ஒவ்வொன்றாக அப்பேச்சிற் சேர்ந்தன. ஓயாது இதையே சொல்லாதே என்று ஒருவர் கூறவே, பேச்சை நிறுத்திவிட்டான். தொப்பி அணிவதையும் மேலங்கி போடுவதையும் கைச்சைகையாற் செய்தான். ஈற்றில் அச்சைகையும் சுருங்கியது. மற்றைப் பிள்ளைகள் விளையாடும் வேளையில் அவன் ஒரு மூலையில் நின்று, முகத்திற் பெருந்துயரோடு, விரல்களையும் உதடுகளையும் மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான். அவ்வழியாகச் சென்ற பரிசோதகர் ஒருவர் கண்டிருப்பின், அடக்கமான பிள்ளை என்றே எழுதியிருப்பார்.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றைக் குறிப்பிடுதல் பொருந்தும். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கோடியில், பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிய பங்கர் ஒன்று இருந்தது. விமானம் இரையும் போதெல்லாம் அதனுள் இறங்கினோம். இன்று நினைவைத் துருவிப் பார்க்கையில், அங்கிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஈரமண் வாடையும், அம்மம்மா தேவாரம் முணுமுணுத்த ஓசையுமே. பயம் நினைவில் இல்லை. பயமாக நினைவிலிருப்பது 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு. வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்த அம்மழையிரவில், நாவற்குழிப் பாலத்தை அண்டிய நெரிசலில் அக்காவின் கை என் கையிலிருந்து விடுபட்டது. எனக்கு அப்போது எட்டு வயது. விடியுமுன் அவர்களைக் கண்டுபிடித்துவிட்டேன். அவ்விரவில் எங்களைச் சுற்றி ஒரு குண்டும் விழவில்லை. இன்றும் திருவிழாக் கூட்டத்தில் என் மகளின் மணிக்கட்டை நான் பிடிக்கும் பிடியில் அவளுக்குக் கை நோகிறது.

அன்னா பிராய்டின் ஆய்வு போர் முடிந்த பின்னர் மற்றொரு திசையிலும் உறுதிப்பட்டது. 1945 ஓகஸ்ற் மாதம் தெரேசின்ஸ்ராட் முகாமிலிருந்து மீட்கப்பட்ட யூதக் குழந்தைகள் ஆறு பேர் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டனர். மூன்று, நான்கு வயதினரான அவர்கள் கைக்குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்தவர்கள். சசெக்ஸ் பகுதியின் ஒரு வீட்டில் வைத்து அவர்களைப் பராமரித்தோர் வியப்பான ஒன்றைக் கண்டனர். பெரியவர்களைக் கடித்தும், பொம்மைகளை உடைத்தும் வெறுப்பைக் காட்டிய அக்குழந்தைகள் தம்முள் ஒருவரையொருவர் கணமேனும் பிரிய மறுத்தனர். ஒருவருக்குத் தின்பண்டம் கிடைத்தால் மற்றவருக்குக் கிடைத்ததா என்று பார்த்த பின்னரே உண்டனர். தாய் என்ற சொல்லின் பொருளே அறியாத இவர்களை ஒரு பிணைப்பு மனிதராகக் காத்திருந்தது. அப்பிணைப்பு அவர்கள் தாமே ஒருவருக்கொருவர் ஆக்கிக்கொண்டது. 1951 இல் சோபி டானுடன் இணைந்து அன்னா பிராய்ட் வெளியிட்ட கட்டுரை இதனை விரிவாகக் கூறுகின்றது.

பிரிவைப் போன்றே காயத்தை ஆறவிடாத மற்றொன்று மௌனம். கிழக்கு இலண்டனின் பெத்னல் கிறீன் நிலையத்தில் 1943 மார்ச் 3 ஆம் நாள் இரவு நிகழ்ந்தது இதற்குத் தக்க உதாரணமாகும். அபாயச் சங்கு ஒலிக்கவே மக்கள் அந்நிலையத்தின் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தனர். அண்மையிலிருந்த விக்ரோறியாப் பூங்காவில் புதிதாக நிறுவப்பட்டிருந்த விமான எதிர்ப்பு ரொக்கற்றுகள் முழங்கின. பழக்கமற்ற அவ்வோசையைக் குண்டென்று எண்ணிக் கூட்டம் முண்டியடித்தது. குழந்தையோடு இறங்கிய ஒரு பெண் கால் இடறி விழ, மங்கலான வெளிச்சத்தில் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தனர். சில நிமிடங்களில் 173 பேர் மூச்சுத்திணறி மாண்டனர். அவர்களில் 62 பேர் பிள்ளைகள். பகைவரின் குண்டு ஒன்றேனும் அங்கு விழவில்லை. வாயிலைத் திருத்தியமைக்க அனுமதி கோரி உள்ளூராட்சி மன்றம் முன்னரே எழுதியிருந்ததும் அது மறுக்கப்பட்டதும் இரகசிய விசாரணையில் வெளிப்பட்டன. பத்திரிகைகளில் இடத்தின் பெயர் குறிப்பிடப்படவில்லை. விசாரணை அறிக்கை 1945 வரை வெளியிடப்படவில்லை. உயிர் தப்பியோர் வாயை மூடிக்கொண்டனர். சிலர் தம் மனைவி மக்களுக்கும் சொல்லாது பல பத்தாண்டுகளைக் கழித்தனர். அவ்விடத்தில் ஒரு பெயர்ப்பலகை நாட்டுதற்கு ஐம்பது ஆண்டுகள் சென்றன. நினைவுச்சின்னம் முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்டது 2017 டிசெம்பரில்.

குண்டினால் இறந்தவரின் உறவினருக்குத் தேசம் ஒரு பொருளை வழங்கியது. உன் பிள்ளை போரில் மாண்டான் என்றது. பெத்னல் கிறீன் மக்களுக்கோ அதுவும் மறுக்கப்பட்டது. பீதியால் ஒருவரையொருவர் மிதித்துக் கொன்றனர் என்ற வதந்தி மாத்திரம் அவர்களுக்கு எஞ்சியது. இலண்டனின் உறுதி பற்றிய படிமத்துக்கு இடையூறாக இருந்தமையாற்போலும், பொது வரலாறுகளிலும் இந்நிகழ்ச்சிக்கு நெடுங்காலம் உரிய இடம் கிடைக்கவில்லை.

குடிமக்களின் இத்தகைய நிலைகளுக்கு மருத்துவம் பெயர் சூட்டுவதற்கு மேலும் காலம் எடுத்தது. 1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் ஏற்றுக்கொண்ட நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்ற வரையறையும் பெரிதும் வியட்நாமிலிருந்து திரும்பிய படையினரின் கிளர்ச்சியாலேயே பிறந்தது. போர்க்காலத்திற் பிரித்தனுப்பப்பட்ட பிரித்தானியப் பிள்ளைகளை அவர்களது முதுமையில் ஆராய்ந்த ஓர் ஆய்வு 2003 இல் வெளிவந்தது. நெருங்கிய உறவுகளில் உறுதியற்ற பற்றும் மனநலக் குறைவும், பெற்றோருடன் வீட்டிலேயே இருந்தவரைவிட அவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன. போர் முடிந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் ஒரு நோயும் அற்றவராகவே எண்ணப்பட்டிருந்தனர்.

நம் நாட்டைப் பொறுத்தவரை இத்துறையில் வழிகாட்டியாக விளங்குபவர் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். 1993 இல் வெளிவந்த ‘மனவடு’ நூல் தொடக்கம் அவர் எழுதிவந்தவற்றின் சாரம், தனிமனிதரின் நோயை மட்டும் எண்ணினால் நம் மக்களுக்கு நேர்ந்தது விளங்காது. சிதைந்தது குடும்பமும் ஊரும் என்பதாகும். தலையிடி, நெஞ்சுநோ, உடம்பு உளைவு, பெருமூச்சு என்று கூறிக்கொண்டு வரும் நம்மவர் பதிவேட்டில் எந்நிரலில் இடம்பெறுவர் என்ற கேள்வி, வயிற்றுப்புண்ணோடு வந்த இலண்டன்வாசியைப் பற்றிய அதே கேள்விதான். 2009 மே மாதத்தின் பின்னர் எழுதப்படும் அறிக்கைகளில் ‘மக்கள் மீண்டெழுந்து விட்டனர்’ என்ற தொடரைக் காணும்போதெல்லாம், அதற்கு ஆதாரம் யாது என்று கேட்கும் பழக்கம் வரலாற்று மாணவரிடையே வளர வேண்டும். வீதிகள் போடப்பட்டதும் சந்தைகள் கூடுவதும் உண்மையே. மூலையில் நின்று விரலசைத்த சிறுவனின் இல்லத்திலும் நேரத்துக்கு உணவு பரிமாறப்பட்டது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சியிற் கந்தசுவாமி கோயிலருகே வீதியோரத்திற் கொட்டகை அமைத்து அமர்ந்தனர். அவர்களைச் சந்தித்து உரையாடிய எவரும் அறிவர், தம்மை நோயாளர் என்று அவர்கள் கருதுவதில்லை. ஆலோசனை வழங்க வருவோரை இன்முகத்தோடு இருத்தித் தேநீர் கொடுப்பர். பிள்ளை எங்கே என்பதொன்றே அவர்கள் வினா. அவ்வினாவுக்கு விடை கிடையாமலே அவர்களுட் பலர் இறந்துபோயினர். அவர்களது படங்கள் பிள்ளைகளின் படங்களோடு அதே கொட்டகையில் தொங்கவிடப்பட்டன.